அண்ணாச்சியை ஆட விடுங்கள்

செங்கோட்டை நம் சதுரங்கக் கழகத்தின் செயற்குழுவுக்கும் விழாக் குழுவுக்கும்,

வணக்கம்.

விழா அழைப்பிதழின் மாதிரியைப் போன ஞாயிறு வகுப்பு முடிந்ததும் என் மகன் கையில் கொடுத்தனுப்பியிருந்தீர்கள். படித்தேன். தலைமை, முன்னிலை, வரவேற்புரை, வாழ்த்துரை, சிறப்புரை, நன்றியுரை என்று பதினாறு பேர் பெயர் இருக்கிறது. அண்ணாச்சி பெயர் பதினொன்றாவதாக வருகிறது, 'பாராட்டுப் பெறுபவர்' என்று. மாலை ஐந்து மணிக்குத் தொடக்கம். பொன்னாடை, நினைவுப் பரிசு, ஏற்புரை, சிற்றுண்டி. வாசலில் வைக்க ஃபிளெக்ஸுக்கும் சொல்லியாயிற்று என்று கேள்வி.

உங்கள் மனசை நான் குறை சொல்லவில்லை. முப்பது வருடத்துக்கும் மேலாக ஒரு மனிதர் பைசா வாங்காமல் ஊர்ப் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று நீங்களாவது கிளம்பினீர்களே, அதற்கே நன்றி. ஆனால் இந்த அழைப்பிதழில் இருக்கிற விழாவில் அவருக்கு என்ன வேலை என்று எனக்குப் புரியவில்லை. மூன்று மணி நேரம் மேடையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அவரால் மூன்று நிமிடம் உட்கார முடியாது; உங்களுக்கே தெரியும். இதை நேரில் சொல்ல வந்தால், 'கூப்பிட்டப்போ கமிட்டிக்கு வராம இப்போ என்ன யோசனை' என்று கேட்பீர்கள். கேள்வி நியாயம்தான். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் அந்தப் பொன்னாடை. இதற்கு முன்னால் ஆறு பொன்னாடை போர்த்தியாயிற்று. அவையெல்லாம் எங்கே என்று யாராவது யோசித்ததுண்டா? நம் அலமாரியில் ஒவ்வொரு செட் காயும் ஒரு சுருக்குப் பையில் கிடக்கிறதே, ஓரத்தில் ஜரிகை போட்ட பச்சையும் மெரூனுமாக, அவைதான். அண்ணாச்சியின் மனைவி, நம் மதினி, வெட்டித் தைத்தது. ஒரு பொன்னாடைக்கு ஆறு பை தேறும் என்று ஒரு நாள் என்னிடம் கணக்குச் சொன்னார்கள். ஆக, ஏழாவது பொன்னாடையும் வீணாகப் போகாது. அந்த அளவில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

புதிதாக வந்திருக்கும் பெற்றோர் பலருக்கு இந்தக் கழகம் எப்படி வந்தது என்று தெரியாது. கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

1987-இல் ஆனந்த் உலக ஜூனியர் பட்டம் ஜெயித்தார். 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். பேப்பரில் வந்த அந்தப் படங்களை வெட்டி ஒரு நோட்டில் ஒட்டி வைத்திருந்தவர் அண்ணாச்சி. அப்போது அவர் நம் ஸ்டேஷனில் வண்டிக்குத் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன். மீட்டர்கேஜ் காலம். மலை ஏறுகிற வண்டிக்குப் பின்னாலிருந்து தள்ள இன்னொரு எஞ்சின் மாட்டுவார்கள். அது இறங்கி வந்துவிட்டால் அதில் போன ஆட்களுக்கு அடுத்த வண்டி வரை வேலை கிடையாது. சீட்டுக்கட்டு ஓடிக்கொண்டிருந்த அந்த ஓய்வறையில் இவர் ஒரு துணிப் பலகையை விரித்தார். ஆட வந்தவர்கள் எஞ்சின் ஆட்கள். அவர்களுக்குச் சோறு கொண்டுவந்த பிள்ளைகள் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். நம் கழகத்தின் முதல் மாணவர்கள் அந்தச் சோத்துவாளிப் பிள்ளைகள்தான்.

சென்னையில் ஆனந்துக்கு டால் சதுரங்கக் கழகம் இருந்தது. சோவியத் கலாச்சார மையத்தில் 1972-இல் தொடங்கியது. இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் மானுவல் ஆரோன் முன்னின்று நடத்தியது. அங்கே ஜெயித்தவர் நாற்காலியில் இருப்பார், தோற்றவர் எழுந்து வரிசையின் வாலுக்குப் போகவேண்டும் என்று ஆனந்த் சொல்லியிருக்கிறார். நம் கழகத்தில் அது தலைகீழ், கவனித்திருப்பீர்கள். ஜெயித்தவன் எழுந்துவிட வேண்டும். தோற்றவன் உட்கார்ந்து அடுத்த ஆட்டம் ஆடுவான். ஏன் அண்ணாச்சி இப்படி என்று கேட்டதற்கு, "ஜெயிச்சவனுக்கு ஆட்டம் வந்துட்டுல்ல. வராதவன்தான ஆடணும்?" என்றார். ஆனந்துக்கு அந்த வழி சரியாகத்தான் வந்தது. எங்களில் பலர் ஒரு வருடமாவது இதில் தாக்குப்பிடித்தோம் என்றால் இந்த வழியால்தான்.

அப்புறம் அந்த அட்டை. வகுப்பறைச் சுவரில் சாய்ந்து தொங்குகிறதே, மூன்று பத்தியில் காய்களின் பெயர் எழுதியது. அது அலங்காரத்துக்கு மாட்டியதில்லை. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் இருக்கிற ஆரியங்காவு, தென்மலைப் பக்கமிருந்து வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். நமக்கு யானை என்றால் மூலையில் நின்று நேராகப் போகிற காய். மலையாளத்தில் ஆனை என்றால் குறுக்கே போகிறது, அதாவது நம்முடைய மந்திரி. சரி, மலையாளத்தில் மந்திரி என்றால் யார்? நம்முடைய ராணி. மூலையில் நிற்பதை அவர்கள் தேர் என்பார்கள். இப்படி இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் எதிரெதிரே உட்கார்ந்தால் என்ன நடக்கும்? எனக்கு எதிரே ஒரு பையன், "மந்திரியை வெட்டிட்டேன்" என்று சந்தோஷமாகக் கத்தியபடி என் ராணியைத் தூக்கினான். எனக்கு ராணி போன துக்கத்தைவிட, அவனுக்குக் காயின் பெயர்கூடத் தெரியவில்லையே என்ற எரிச்சல்தான் அதிகம். பெரிய சண்டை. அண்ணாச்சி இரண்டு பேரையும் பிரித்துவிட்டு, எவன் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்லவில்லை. அடுத்த வாரம் அந்த அட்டை சுவரில் தொங்கியது. தமிழில் ஒரு பத்தி, மலையாளத்தில் ஒரு பத்தி, மூன்றாவதில் ஸ்கோர் ஷீட்டில் எழுதுகிற எழுத்து. மலையாளப் பத்தியில் எழுத்துப்பிழை பார்த்துத் திருத்திக் கொடுத்தது புனலூர் பாசஞ்சரின் கார்டு என்று பிற்பாடு தெரிந்தது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி கோடு போட்டு இந்த ஊரைத் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரித்து இந்தப் பக்கம் சேர்த்தார்கள். சதுரங்கப் பலகையில் அந்தக் கோடு விழுந்த இடத்தை அந்த அட்டையில் பார்க்கலாம்.

அவர் பாடம் நடத்துகிற முறையைப் பற்றிச் சில பெற்றோருக்கு மனத்தாங்கல் இருப்பது எனக்குத் தெரியும். என்னிடமே சொல்லியிருக்கிறீர்கள். 'ஒரு மாசமா வெறும் சிப்பாயை வச்சே ஆடுறான், நாலு மூவ் செக்மேட்டுகூடத் தெரியல. பக்கத்து வீட்டுப் பையன் ஆன்லைன் கிளாஸ்ல மூணு ஓப்பனிங் முடிச்சுட்டான்.' உண்மைதான். அண்ணாச்சி புதுப் பிள்ளைகளுக்கு முதலில் எட்டுச் சிப்பாயும் ராஜாவும் மட்டும்தான் கொடுப்பார். எவன் முதலில் சிப்பாயைக் கடைசிக் கட்டத்துக்குக் கொண்டுபோகிறான் என்பதுதான் ஆட்டம். மாதக் கடைசியில் யானை வரும், பிறகு மந்திரி, குதிரை. ராணி கடைசியில். "ராணியை முதல்லயே குடுத்தா அதையே தூக்கிட்டு அலைவானுவ" என்பார்.

எனக்கும் இதில் முழு நம்பிக்கை இருந்ததில்லை. என் மகனுக்குப் பொறுமை போய், வேறு வகுப்பில் சேர்த்துவிடலாமா என்று நானும் யோசித்தவள்தான். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் குகேஷ் உலகச் சாம்பியன் ஆனார். பதினெட்டு வயது. அதற்கடுத்த ஞாயிறு நம் வகுப்பில் நிற்க இடமில்லை. செருப்பு வாசற்படி தாண்டித் தெருவில் கிடந்தது. அண்ணாச்சி அன்று வேறெதுவும் எடுக்கவில்லை. குகேஷின் 14-ஆவது ஆட்டத்தின் கடைசியை மட்டும் பலகையில் அடுக்கினார். இரண்டு பக்கமும் ஒரு யானை, ஒரு மந்திரி. டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஆட்டம். 55-ஆவது நகர்த்தலில் அதுவரை சாம்பியனாக இருந்த டிங் லிரன் தன் யானையை எதிரே கொண்டுவந்து வைக்கிறார். குகேஷ் வெட்டுகிறார். அப்புறம் மந்திரியையும் மாற்றிக்கொள்ள வைக்கிறார். மிச்சம் இரண்டு ராஜா, டிங்கிடம் ஒரு சிப்பாய், குகேஷிடம் இரண்டு. அவ்வளவுதான். இதைச் சொல்லிவிட்டு அண்ணாச்சி திரும்பிப் பிள்ளைகளைப் பார்க்கவில்லை. பின்னால் சுவரோரம் நின்றுகொண்டிருந்த எங்களை, பெற்றோர்களைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. நான் அன்றோடு வாயை மூடிக்கொண்டேன்.

கோச்சிங் சென்டருக்கோ ஆன்லைன் வகுப்புக்கோ அனுப்புவது தப்பு என்று நான் சொல்லவில்லை. ஒரு மட்டத்துக்கு மேல் அது வேண்டும். அண்ணாச்சியே அனுப்பிவைத்த பிள்ளைகள் இருக்கிறார்கள். "எனக்குத் தெரிஞ்சது இம்புட்டுதான், இனி இவனை நான் வச்சிருந்தா பாவம்" என்று ஒரு பையனின் அப்பாவிடம் சொல்லி, திருநெல்வேலியில் ஒருவரிடம் தானே கூட்டிப்போய் விட்டுவிட்டு வந்தார். இப்படிப் பிள்ளையைத் தானே கொண்டுபோய் இன்னொருவரிடம் விடுகிற பயிற்சியாளர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்? அவரிடம் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபீடே கொடுக்கிற பயிற்சியாளர் பட்டம் எதுவும் இல்லை. போட்டிகளில் ஆடி வாங்குகிற தரப்புள்ளி, அந்த ரேட்டிங்கும் இல்லை. ஏன் இல்லை என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

ரேட்டிங் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. 2024 மார்ச் மாதம் நம் கழகத்துப் பெற்றோர் ஒருவர் ஒரு கிலோ அல்வாவோடு வந்தார். பையனின் ரேட்டிங் ஒரே நாளில் 1100-லிருந்து 1460 ஆகிவிட்டதாம். எல்லோருக்கும் அல்வா. அண்ணாச்சியும் ஒரு துண்டு வாங்கிச் சாப்பிட்டார், விரலை நக்கிக்கொண்டார், அப்புறம் சொன்னார்: அந்த மாதம் ஃபீடே, 2000-க்குக் கீழே இருந்த எல்லோருக்கும் ரேட்டிங்கை ஏற்றிவிட்டது. 2000-க்கு எவ்வளவு குறைகிறதோ அதில் பத்தில் நாலு பங்கு கூட்டு. இவனுக்கு 900 குறைச்சல். அதில் நாலு பங்கு 360. கணக்கு சரியாக வந்துவிட்டது. இனி 1400-க்குக் கீழே ரேட்டிங்கே கிடையாது, முன்பு 1000 வரை இருந்தது. அந்த அப்பாவின் முகம் போன போக்கைப் பார்த்து, "அல்வா நல்லாத்தான் இருந்துச்சு" என்று சேர்த்துக்கொண்டார். இப்படி ஒரு மனிதரைப் பற்றி 'அன்னாரின் அளப்பரிய சேவை' என்று அழைப்பிதழில் அச்சடித்திருக்கிறீர்கள். அதைப் படித்தால் அவர் என்ன சொல்வார் என்று எனக்குக் கேட்கிறது.

சேவை என்று சொல்வதானால் ஒன்றைச் சொல்லவேண்டும், அது அழைப்பிதழில் இல்லை. 2010-இல் அகலப்பாதை வேலைக்காகச் செங்கோட்டை - புனலூர் ரயிலை நிறுத்தினார்கள். அதுவரை மலையிலிருந்து பிள்ளைகள் காலை வண்டியில் குகை வழியாக இறங்கி வந்துவிடுவார்கள். பகவதிபுரம் தாண்டினால் செங்கோட்டை. ஸ்டேஷனிலேயே ஆள் நிற்கிறார், பயமில்லை. வண்டி நின்றதும் பஸ்தான். புளியரை எஸ் வளைவில் ஏறி இறங்கி, சீசன் நேரமென்றால் குற்றாலம் போகிற கூட்டத்தில் நசுங்கி, ஒன்பது வயதுப் பிள்ளையைத் தனியாக யார் அனுப்புவார்கள்? ஒவ்வொருவராக வராமல் நின்றார்கள். இரண்டு மாதத்தில் அந்தப் பக்கத்துப் பிள்ளை ஒன்றுகூட வரவில்லை.

அண்ணாச்சி என்ன செய்தார்? ஞாயிறு காலை இங்கே வகுப்பு. பன்னிரண்டரைக்கு முடித்து, பத்து செட்டை ஒரு உரச்சாக்கில் கட்டி, சோற்றுப் பொட்டலத்தோடு கொல்லம் பஸ்ஸில் ஏறுவார். ஆரியங்காவில் ஒரு வீட்டுத் திண்ணையில் இரண்டு மணிக்கு வகுப்பு. ரப்பர்த் தோட்டத்து லயத்துப் பிள்ளைகள், இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களின் பேரப் பிள்ளைகள், கடைக்காரர் பிள்ளைகள். இருட்டுகிற நேரத்துக்குத் திரும்பி வருவார். மறுபடி வண்டி ஓடியது 2018-இல். எட்டு வருடம். அதில் சில வருடம் வேலையிலும் இருந்தார், ஷிப்டு மாற்றிக்கொண்டு போனார். பஸ் டிக்கெட்டுக்கு நாம் ஒரு ரூபாய் கொடுத்ததாகக் கழகக் கணக்கு நோட்டில் எங்கும் இல்லை. நான் பார்த்துவிட்டேன், வங்கியில் வேலை பார்க்கிறவளுக்கு வேறென்ன பழக்கம் இருக்கும்.

கேரள விலாசம் உள்ள பிள்ளை மாவட்டத் தேர்வுக்குக் கொல்லம் போகவேண்டும். இந்தப் பக்கத்துப் பிள்ளைக்கு முன்பு திருநெல்வேலி, 2019-இல் மாவட்டம் பிரிந்தபின் தென்காசி. இவர் இரண்டுக்கும் கூட்டிப்போவார். ஒரு போட்டியில், பெயரைச் சொல்லவில்லை, லயத்துப் பையன் ஒருவனுக்குச் சான்றிதழில் முத்திரை சரியில்லை என்று பெயர் சேர்க்க மறுத்தார்கள். அண்ணாச்சி சண்டை போடவில்லை. பையனை வெளியே வேப்பமரத்தடிக்குக் கூட்டிவந்து, சாக்கைப் பிரித்து, அன்று முழுக்க அவனோடு ஆறு ஆட்டம் ஆடினார், கடிகாரம் வைத்து, ஸ்கோர் எழுதி. உள்ளே ஆறு சுற்று, வெளியே ஆறு சுற்று. அந்தப் பையன் இன்று எங்கே இருக்கிறான் என்று சொல்லி உங்களை உருக வைக்க எனக்கு விருப்பமில்லை. கொல்லத்தில் எலெக்ட்ரீஷியனாக இருக்கிறான், அவ்வளவுதான். நம் ஹாலின் ஸ்விட்சுபோர்டை வந்து மாற்றிக் கொடுத்தவன் அவன்தான்.

2020-இல் கொரோனாவுக்காகப் புளியரைச் சோதனைச்சாவடியை அடைத்தபோது நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அறுபத்தைந்தை எட்டிய மனிதர், இணையத்தில் செஸ் ஆடுகிற லிச்செஸ் தளத்தில் கணக்குத் திறக்க என்னிடம் போனில் கேட்டுக்கேட்டுக் கற்றுக்கொண்டார். இணையம் கிடைக்காத லயத்துப் பிள்ளைகளோடு போனிலேயே ஆட்டம். நகர்த்தலைச் சொல்லிவிட்டு வைத்துவிட வேண்டும், யோசித்து முடித்தபின் திரும்பக் கூப்பிட வேண்டும். ஒரே நேரத்தில் நாலு பிள்ளைகளோடு ஆடினால் வீட்டில் நாலு பலகை திறந்து கிடக்கும். மதினி தரையைப் பெருக்க முடியாமல் நாலையும் சுற்றிச் சுற்றிப் பெருக்கிய கதையை அவர்களே சொன்னால்தான் நன்றாக இருக்கும்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம்.

போட்டியில் ஆட்கள் ஒற்றைப்படையில் வந்துவிட்டால் ஒருவருக்கு எதிராளி இருக்கமாட்டார். அவருக்குப் பை கொடுப்பார்கள். (மதினி தைக்கிற பை வேறு, இந்தப் பை வேறு.) ஆடாமலே ஒரு புள்ளி. பெரியவர்களுக்கு அது டீ குடிக்கப் போகிற நேரம். இரண்டு பஸ் மாறி வந்த பத்து வயதுப் பிள்ளைக்கு அது பெரிய ஏமாற்றம். அண்ணாச்சி எந்தப் பிள்ளையையும் அப்படிச் சும்மா உட்காரவிட்டதில்லை. தானே எதிரே உட்கார்ந்துவிடுவார். அந்த ஆட்டம் கணக்கில் சேராது, புள்ளி எப்படியும் பிள்ளைக்குத்தான். ஆனாலும் கை குலுக்கி, கடிகாரத்தை அழுத்தி, முறையாக ஆடுவார்.

எனக்கும் அப்படி ஒன்று வாய்த்தது. புளியரையிலிருந்து ஆச்சி கூட்டிவந்திருந்தாள். பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு இதெல்லாம் என்று வீட்டில் முறுக்கிக்கொண்டிருந்த காலம். அண்ணாச்சி மூன்று தடவை வீட்டுக்கு வந்து பேசி, 'ஆச்சியும் கூட வந்து உக்காருங்க' என்று சம்மதிக்க வைத்திருந்தார். முதல் சுற்றிலேயே எனக்குப் பை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் எதிரே வந்து உட்கார்ந்தார். சாவி கொடுக்கிற பழைய கடிகாரம், நேரம் தீர்ந்தால் சின்னச் சிவப்புக் கொடி விழும். பத்துப் பன்னிரண்டு நகர்த்தல் போயிருக்கும், யாரோ ஒருவன் 'அண்ணாச்சி, அவன் காயைத் தொட்டுட்டு வேற காயை ஆடுதான்' என்று கத்தினான். எழுந்து போனார். வந்தார். இன்னொரு நகர்த்தல். ஹாலில் கரண்ட் போனது, ஃபியூஸ். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு கம்பி சுற்றினார். அவருடைய நகர்த்தல், அவருடைய கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தி வைக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. நான் கொடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். முள் நெருங்க நெருங்க அது மேலே எழும்பும், அப்புறம் பொத்தென்று விழும். விழுந்தது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தபோது, "அண்ணாச்சி, கொடி விழுந்துட்டு" என்றேன், பாதி பயத்தில். குனிந்து பார்த்தார். ஃபியூஸ் போட போனேன் என்று சொல்லவில்லை. கையை நீட்டினார். "ஏ பிள்ள, கொடி விழுந்தா விழுந்ததுதான். ஸ்கோர் ஷீட்ல எழுது." எழுதினேன். கீழே அவரும் கையெழுத்துப் போட்டார். அது என் முதல் வெற்றி. அந்தத் தாள் இன்னும் என் பீரோவில் இருக்கிறது.

ஆனால் அன்றைய போட்டி அட்டவணையை எடுத்துப் பாருங்கள். என் பெயருக்கு நேரே முதல் கட்டத்தில் 'பை' என்றுதான் இருக்கும். எல்லா வருடமும் அப்படித்தான். கழக அட்டவணைகள் எல்லாவற்றையும் போன மாதம் எடுத்துப் புரட்டினேன். முதல் வருடம் தவிர வேறெதிலும் அவர் பெயர் கிடையாது. முதல் வருடம் ஆட்டக்காரராக ஆடியிருக்கிறார், நாலாவது சுற்றோடு விட்டிருக்கிறார். பேரிங், அதாவது யாரோடு யார் ஆடுவது என்று, எழுத ஆளில்லாமல் போனதால் என்று விசாரித்ததில் தெரிந்தது. அன்றையிலிருந்து பேரிங் அட்டை அடுக்குவது, சமநிலையில் இருப்பவர்களுக்குப் பென்சிலால் எதிராளிகளின் புள்ளிகளைக் கூட்டிப் பார்க்கிற புக்கோல்ஸ் கணக்குப் போடுவது, சச்சரவு தீர்ப்பது, பிள்ளைகள் கிளம்பும்போது வாசலில் நின்று, "முப்பத்திரெண்டு எண்ணிட்டியால?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்பது, எல்லாம் அவர். ஒரு போட்டியை முதல் சுற்றிலிருந்து கடைசிச் சுற்று வரை உட்கார்ந்து ஆட அவருக்கு வாய்க்கவே இல்லை. அவருக்கு ரேட்டிங் இல்லாததற்குக் காரணம் இதுதான்.

ஆகவே என் கோரிக்கை. விழா வைக்க நினைத்திருக்கும் அதே சனி ஞாயிறில் நம் ஆண்டுப் போட்டியை வையுங்கள். அதில் அண்ணாச்சி பெயரை ஆட்டக்காரராகச் சேருங்கள். விருந்தினராக ஒரு ஆட்டம் ஆடி, போட்டோ எடுத்து அனுப்புவதில்லை. ஆறு சுற்றும். ஃபிளெக்ஸுக்கும் நினைவுப் பரிசுக்கும் ஒதுக்கிய பணத்தில் வெளியூரிலிருந்து ஒரு ஆர்பிட்டரை, போட்டி நடுவரை, கூப்பிடுங்கள். முறையாகச் சம்பளம் கொடுங்கள். அந்த இரண்டு நாளும் எந்தப் பிள்ளையும், எந்தப் பெற்றோரும், எந்தக் கமிட்டி உறுப்பினரும் எதற்காகவும் 'அண்ணாச்சி' என்று கூப்பிடக் கூடாது. இது ஒன்றுதான் கஷ்டம். பழகிக்கொள்ள வேண்டும். அலமாரிச் சாவியை வெள்ளிக்கிழமையே வாங்கிவிடுங்கள், இல்லையென்றால் சனிக்கிழமை ஐந்து மணிக்கே வந்து மேஜை போட்டுவிடுவார்.

பதினாறு பேரும் பேசவேண்டும் என்றால் பேசட்டும், கடைசிச் சுற்று முடிந்து பரிசளிப்புக்கு முன்னால், ஆளுக்கு இரண்டு நிமிடம், கடிகாரம் வைத்து. கொடி விழுந்தால் உட்கார்ந்துவிட வேண்டும். மதினியை மேடையில் ஏற்றினால் வரமாட்டார்கள். ஆனால் அந்த இரண்டு நாளும் சுக்குக்காபியும் சுண்டலும் வேறு வீட்டிலிருந்து வரட்டும். எங்கள் வீட்டிலிருந்து ஒரு வேளை.

கமிட்டிக்கு ஏன் வரவில்லை என்ற கேள்வி. வேலை, பிள்ளை, பஸ் என்று காரணம் சொல்லலாம். உண்மை என்னவென்றால், எல்லாவற்றையும் அண்ணாச்சி பார்த்துக்கொள்வார் என்று நானும் இருந்துவிட்டேன், உங்களைப் போலவே. இனி வருகிறேன். கூட்டத்துக்கு வந்து பேசுகிற வேலை எனக்கு ஒத்துவராது. அண்ணாச்சி உட்கார்ந்த இடம் ஒன்று காலியாகிறதல்லவா, ஒற்றைப்படையில் ஆட்கள் வந்தால் எதிரே உட்காருகிற இடம். அதை எனக்குக் கொடுங்கள். இருபது வருடமாகக் காயைத் தொடவில்லை, பரவாயில்லை, சிப்பாயிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

அண்ணாச்சிக்கான நுழைவுக் கட்டணத்தை இந்த மடலோடு ஒரு கவரில் வைத்திருக்கிறேன். ரசீது அவர் பெயரில் போடுங்கள், அழைப்பிதழில் விட்ட முன்னெழுத்தையும் சேர்த்து. ரேட்டிங் இல்லாதவர்கள் பட்டியலின் அடியில் இருப்பார்கள், முதல் சுற்றில் பை விழுவது அங்கேதான். அவருக்கே விழுந்தாலும் விழும். அப்படி விழுந்தால் எதிரே நான் உட்காருகிறேன். ஃபியூஸ் போனால் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
புளியரையிலிருந்து வந்துகொண்டிருந்த
உங்கள் பழைய மாணவி